ஒன்பது உருண்டையும் ஒரு தராசும்

சனிக்கிழமை மத்தியானம் கீரிப்பாறையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஒரு இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். அது என் அத்தான் ரசலையனுக்குப் பக்கத்து இருக்கை. பழகியவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்களே தவிர அதில் உட்கார மாட்டார்கள். தெரியாமல் உட்கார்ந்தவன் தொலைந்தான். "ஒரு கணக்கு சொல்லட்டா?" என்று அத்தான் ஆரம்பித்துவிடுவார்.

அத்தானுக்கு ரப்பர் தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை. வாரமெல்லாம் மலையில்தான் தங்கல். போனுக்குச் சிக்னல் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. மற்றவர்கள் சாயங்காலம் சீட்டு விளையாடுவார்கள், இவர் புதிர் யோசிப்பார். பழைய பத்திரிகையில் வந்தது, தானே உண்டாக்கியது என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் பக்கத்திலிருக்கும் வீட்டுக்கு வந்து, சனியும் ஞாயிறும் எங்கள்மேல் இறக்குவார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா ஏன் பக்கவாட்டு வாசல் வழியாகப் போகிறார் என்று சபைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். எங்களுக்குத் தெரியும்.

போகட்டும், எல்லாருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. நான் செருப்புக் கடை வைத்திருக்கிறேன், எவரைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். ஆனால் அதற்காக யாரையும் பிடித்து நிறுத்தி வைப்பதில்லை. அத்தான் நிறுத்தி வைப்பார். அதைவிடப் பெரிய குறை, தப்பான பதிலை அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. முதுகில் கட்டெறும்பு ஏறினதுபோல நெளிவார், சரியான பதிலைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

அவருக்கு ஒரே மகள், பெபிஷா. மார்த்தாண்டத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்தே சனிக்கிழமை அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் காதில் ஹெட்போனைச் செருகிக்கொள்வாள். "ஏட்டி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க" என்று அத்தான் கெஞ்சுவார். அவள் தலையைக்கூடத் தூக்க மாட்டாள். அவரும் விடாமல் அவள் எதிரிலேயே உட்கார்ந்து, கேள்வியும் பதிலும் தானே சொல்லி முடிப்பார். என் அக்கா நேசபாய் அடுக்களையிலிருந்து, "செவுரு கேக்குகு, நல்லா சொல்லுங்க" என்பாள்.

பெபிஷாவுக்கு முதலில் வந்த சம்பந்தத்தைக் கெடுத்தது ஒரு ரப்பர் மரத் தடி. பையனின் பெரியப்பாவிடம் அத்தான், "ஒரு தடிய பத்து துண்டா அறுக்கணும். ஒரு அறுப்புக்கு ஒரு நிமிசம். எத்தன நிமிசம் ஆவும்?" என்று கேட்டார். அவர் பத்து என்றார். "ஒம்பது வெட்டு போதுமே வேய்!" என்று அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த மனிதருக்குச் சொந்தமாக மர அறுவை மில் இருந்தது. சாயாவைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அந்தப் பையன் போனதில் பெபிஷாவுக்கு வருத்தமில்லை. ஆனால் ஷாஜன் அப்படி இல்லை. அவளே பார்த்துப் பிடித்த பையன், இரண்டு வருஷப் பழக்கம். அவன் அப்பா ஜாஸ்பருக்கு டைல்ஸ் கடை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஷாஜன் முன்கூட்டியே சொல்லிவிட்டான், அவன் அப்பாவுக்கும் புதிர் போடுகிற வியாதி உண்டாம். அதிலும் யாராவது அவரைத் தோற்கடித்தால் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க மாட்டாராம்.

"அப்பா, அவரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்" என்றாள் பெபிஷா.

அக்கா வேதபுத்தகத்தை எடுத்து வந்து அதன்மேல் கைவைக்கச் சொன்னாள். சத்தியம் பண்ணக்கூடாது என்று அதே புத்தகத்தில் இருக்கும் இடத்தை அத்தான் எடுத்துக் காட்டினார். கடைசியில் மகள் முகத்தைப் பார்த்து, "செரி மக்களே, வாயத் திறக்க மாட்டேன்" என்றார். நான் நம்பவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை அவரை ஒட்டி உட்கார்ந்து, அவர் தொடையைக் கிள்ளுவதற்குத் தயாராக இருந்தேன்.

ஜாஸ்பர் மனைவியோடும் மகனோடும் வந்தார். மழையைப் பற்றியும் மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலைப் பற்றியும் பேசினோம். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அப்போது அக்கா முந்திரிக்கொத்துத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மும்மூன்று உருண்டையாகச் சேர்த்துப் பொரித்த கொத்துகள், தட்டில் மூன்று இருந்தன.

"இதக் கண்டதும் ஒண்ணு ஓர்மை வருது" என்றார் ஜாஸ்பர்.

ஐயோ கர்த்தாவே என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒம்பது உருண்டை. எட்டும் ஒரே எடை, ஒண்ணு மட்டும் கொஞ்சம் குறைவு. கண்ணால பாத்தா தெரியாது. கையில தராசு உண்டு, எடக்கல்லு கிடையாது. ஆகக் குறைஞ்சது எத்தன வட்டம் நிறுத்தா அதக் கண்டிப்பா கண்டுபிடிக்கலாம்?"

அத்தானின் கண் தட்டுக்குப் போனது. உதடு துடித்தது. நான் கிள்ளினேன்.

"தெரியல்லியே" என்றார் அத்தான். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மூணு வட்டம்!" என்றார் ஜாஸ்பர். "நாலும் நாலும் நிறுக்கணும். பின்ன ரெண்டும் ரெண்டும். பின்ன ஒண்ணும் ஒண்ணும். இதுக்குக் குறைஞ்சு ஒருத்தனாலயும் முடியாது. என்ன, செரிதானே?"

அத்தானுக்கு நெற்றி வியர்த்தது. மனிதன் சோபாவுக்குள் நெளிந்ததில் என் கை அவர் தொடைக்கும் சோபாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கடைசியில், "செரிதான்... மூணுதான்" என்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்தான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஜாஸ்பர் அவர் தோளில் தட்டினார். "வருத்தப்படாதயும் ஓய். இதெல்லாம் எல்லாருக்கும் வராது."

"மூணு இல்ல. ரெண்டு."

சாயாத் தட்டோடு பெபிஷா அடுக்களை வாசலில் நின்றாள். ஷாஜன் தலையில் கைவைத்தான். அக்கா, "ஏட்டி!" என்றாள். அவள் கேட்கவில்லை. சாயாவை என் மடியில் கவிழ்க்காத குறையாக வைத்துவிட்டு, முந்திரிக்கொத்தில் ஒன்றை இடது கையிலும் இன்னொன்றை வலது கையிலும் எடுத்தாள்.

"மூணு இந்தப் பக்கம், மூணு அந்தப் பக்கம். சமமா நின்னா, தட்டுல மிச்சம் இருக்க மூணுலதான் குறைஞ்சது இருக்கு. ஒரு பக்கம் மேல போனா அந்த மூணுல இருக்கு. பின்ன அந்த மூணுல ஒண்ண இங்க, ஒண்ண அங்க. சமமா நின்னா வெளிய இருக்கது, இல்லன்னா மேல போறது. அவ்வளவுதான் மாமா. எங்க அப்பாவுக்கு இது வராமலா?"

ஜாஸ்பர் கொத்துகளை வாங்கித் தன் இரண்டு கையிலும் வைத்து, ஏற்றி இறக்கி, திரும்பவும் தட்டில் வைத்துப் பார்த்தார்.

"இது யாரு சொல்லித் தந்தது?"

"அப்பாதான். நான் சின்னதா இருக்கும்போ ரப்பர் மரத்துல ஒட்டிக் காஞ்ச பாலு, அந்த ஒட்டுபால் கட்டி ஒம்பது வச்சி சொன்னாரு."

"நீ ஹெட்போன் மாட்டிட்டுல்லா இருந்த?" என்றார் அத்தான்.

"அதுல பாட்டு ஒண்ணும் ஓடாதுப்பா. நீங்க சொல்லுகதத்தான் கேட்டுட்டு இருப்பேன்."

அத்தான் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். பதில் தெரியாத மாதிரி நடிக்கும்போது வராத கண்ணீர் இப்போது வந்தது.

ஜாஸ்பர் எழுந்தார். போச்சு, செருப்பைத் தேடப்போகிறார் என்று நான் அவர் காலைப் பார்த்தேன். அவர் அத்தான் முன்னால் வந்து நின்றார்.

"உமக்கு விடை அறியும். பிள்ளைக்கு வேண்டி நான் சொன்ன தப்ப செரின்னு சொன்னீரு, இல்லியா?"

"ஆமா" என்றார் அத்தான்.

"எனக்க மகனுக்கு வேண்டி நான் அப்படி ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன்." ஜாஸ்பர் ஷாஜனைப் பார்த்தார், பிறகு பெபிஷாவைப் பார்த்தார். "கொள்ளாம், நல்ல பிள்ள. இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா ஞாயித்துக்கிழம தோறும் நான் தோக்கணும். சாரமில்ல, தோத்துக்கிடுகேன்."

அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். "கல்யாணம் கழிஞ்ச நாள்ல இருந்து இந்த மூணு வட்டத்தக் கேக்குகேன். இண்ணைக்காவது ரெண்டாச்சே!"

வாசல்வரை போன ஜாஸ்பர் திரும்பினார். சும்மா போவாரா? இன்னொரு புதிரைச் சொல்லி, "இதுக்கு விடை நிச்சயத்தண்ணைக்குத்தான் சொல்லணும். அதுவர ஒருத்தரும் மூச்சு விடப்பிடாது" என்றார்.

அத்தான் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, மனிதன் அதற்குள் கண்டுபிடித்துவிட்டார். வாய் திறந்தது. கிள்ள எனக்குக் கை எட்டவில்லை. நல்லவேளை, அக்கா பக்கத்தில் நின்றாள். திறந்த வாய்க்குள் ஒரு முந்திரிக்கொத்தை முழுசாகத் தள்ளினாள். அவள் பொரிக்கிற முந்திரிக்கொத்து அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஜாஸ்பரின் கார் மெயின் ரோட்டில் ஏறி மறைகிறவரை அத்தான் மென்றுகொண்டே கையை ஆட்டினார்.