பொட்டலத்தில் வந்த தொடர்கதை

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஹெட்மாஸ்டர் அந்தத் தொடர்கதைக்குத் தடை போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் தடை என்று விளக்கப் போனதில்தான் காரியம் கெட்டது.

"பதினாறு வயசுப் பொண்ணு, மணவறையில மாலையைக் கழட்டி வெச்சுட்டு பஸ் ஏறிப் போறா! நர்ஸுக்குப் படிக்கப் போறாளாம்! இதையா நம்ம பிள்ளைங்க படிக்கிறது? இனிமே யார் கையில பார்த்தாலும் டி.சி.தான்!"

அதுவரை அந்தக் கதை தெரிந்தவர்கள் எங்கள் பத்தாம் வகுப்பில் நாலே பெண்கள். அன்று மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடமே அதைத் தேடியது. பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து, யாரோ ஒருத்தியின் அக்கா பைண்டு பண்ணி வைத்திருந்த புத்தகம் அது. கைமாறிக் கைமாறி என் முறை வரும் நேரத்தில் கணக்கு வாத்தியாரிடம் சிக்கி, ஹெட்மாஸ்டர் பீரோவுக்குள் போய்விட்டது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து, அந்த வருஷத்தோடு படிப்பு போதும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். "இன்னும் ஒரு வருஷம், பதினொண்ணாவது படிச்சு எஸ்.எஸ்.எல்.சி. எழுதணும்" என்று சொல்லிப் பார்த்தேன். "எழுதி இன்னா பண்ணப் போற?" என்றார் என் அப்பா, நைனா. பஸ் ஏறியவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பீரோவைக் காலி பண்ணிய பியூன், பழைய பரீட்சைப் பேப்பர் கட்டோடு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். எங்கள் கடை!

ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்குச் சோறு கொண்டு போனேன். பொட்டலம் கட்டுவதற்காகக் கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவது அவர் வழக்கம். அந்தக் கம்பியில், ஒரு தாளில் இருந்த படத்தில், மாலையைக் கழட்டி வைத்துக்கொண்டிருந்தாள் அவள்! கூடையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. பாதிக் கதை அதற்குள் ஊருக்குள் போய்விட்டிருந்தது. மிளகாய் வாங்கிய வீட்டில் மூன்றாம் அத்தியாயம், வெல்லம் வாங்கிய வீட்டில் ஒன்பதாம் அத்தியாயம். கடைசி அத்தியாயம் கம்பியில் பத்திரமாக இருந்தது. உருவிக்கொண்டு பருப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஒரு பக்கம்கூட முடியவில்லை, ஹெட்மாஸ்டரின் குரல் கேட்டது. மூட்டைக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

"என்னய்யா இது? எங்க வீட்டுத் துவரம்பருப்பு இந்தத் தாள்லயா வரணும்? உம்ம பொண்ணு வேலைதானே? நாளைக்கே டி.சி. தர்றேன்!"

நைனா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க அனுப்புன பேப்பருதான சார் இது? உங்க பியூன் கொண்டாந்து போட்டாரே. பரீட்சைப் பேப்பருகூட இருக்குது, எடுத்துக் காட்டட்டுமா? உங்க கையெழுத்துதான் போட்டிருக்குது."

"சரி சரி, வெளியில சொல்லிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்போடு மீதியைப் படித்தேன்.

படுபாவி எழுத்தாளர்! பஸ் ஏறியவளை மூன்றே தாளில் திருப்பிக் கூட்டி வந்து, அப்பா காலில் விழுந்து அழவைத்து, அதே மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்துவிட்டார். ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏ பாப்பா" என்றார் நைனா, பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே. ஐந்தாவது வரை படித்தவர், உதடு அசைய எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். "பஸ் ஏறிப் போச்சே அந்தப் பொண்ணு, அதுக்கு வேலை கெடச்சுதா?"

தூக்கிவாரிப் போட்டது. கட்டும்போதெல்லாம் படித்திருக்கிறார்!

"கெடச்சிடுச்சி நைனா" என்றேன். "சர்க்கார் ஆஸ்பத்திரியில. அவுங்கப்பாவே நேர்ல வந்து பாத்துட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

"படிச்ச பொண்ணு இல்ல, கெடைக்கும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "திண்டிவனத்துக்காரங்க ஒரு வருஷம் பொறுக்க மாட்டாங்களா இன்னா? நீ அந்தப் பரீட்சைய எழுதிப்புடு."

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் கையில் அந்த மூன்று தாள்கள் இருந்தன. மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் கடுகும் சீரகமும் வெந்தயமும் கேட்டார். நைனா கம்பிப் பக்கம் கை நீட்டுமுன் நான் எழுந்து ஓடினேன். தாளுக்கு ஒன்றாக, மூன்றையும் நானே மடித்து, இறுக்கிக் கட்டி, அந்த வெளியூர்க்காரர் பையில் போட்டு அனுப்பிவைத்தேன்.