ஆடி மாதம் காலியான பள்ளிக்கூடம்

ஆட்டையாம்பட்டிக்குப் போகும் வண்டிப் பாதையோரம் முள்ளுக்காடாகக் கிடந்த மேட்டை வெட்டிச் சமன் செய்தவன் நான். அங்கே பாறையை உடைத்துக் கிணறு எடுத்தவனும் நான்தான். ஓலைக் கொட்டகை ஒரு சூறைக்காற்றில் பறந்ததும் ஓட்டுக் கட்டடம் எழுப்பினேன். தறிக்கூடம், தச்சுப் பட்டறை, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுதி, பெண் பிள்ளைகள் தங்கத் தனி அறை, எல்லாம் நான் நின்று கட்டியவை. யுத்த காலத்தில் அரிசிக்குச் சேலம் பட்டணமே வரிசையில் நின்றது. என் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. களி கிண்டியாவது வயிற்றை நிரப்பினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், மாட்டு வண்டியில் நூல் மூட்டை ஏற்றிப் பிழைத்தவன், காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினான் என்றால் வெளியூரில் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடத்தினேன். போன வாரம்தான் சாவிக்கொத்தை அடுத்தவர் கையில் கொடுத்தேன்.

கொடுத்த அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் பொழுது சாயும்வரை தூங்கிவிட்டேன். பகலில் தூங்கிப் பழக்கம் இல்லாத உடம்பு இது. செத்துக்கித்துப் போய்விட்டேனோ என்று மருமகள் வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். விடுதியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இனி யாரும் என் கதவைத் தட்ட மாட்டார்கள். ஜில்லா போர்டு ஆபீஸ் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தோளிலிருந்து மூட்டை இறங்கிவிட்டது. ஆனால் அந்த மூட்டை ஒருமுறை இறங்காமலேயே பறிபோக இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் இரண்டாவது மகன் பிறவியிலேயே காது கேளாதவன். அவனுக்காகத்தான் பள்ளிக்கூடமே தொடங்கினேன். சென்னைக்குப் போய் இதற்கென்று படித்த ஒரு வாத்தியாரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தேன். படிப்பு அவர் பொறுப்பு, மற்றதெல்லாம் என் பொறுப்பு என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம். ஊர் ஊராக வண்டி கட்டிப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தேன். கொட்டகை நிறைந்தது. ஆடி கழிந்ததும் வந்து பார்ப்பதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இருந்தால் அங்கீகாரம். இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டியதுதான்.

ஆடியில் எங்கள் பக்கத்து ஊர்களிலெல்லாம் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டித் திருவிழா எடுப்பார்கள். லீவு விட்டுப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினேன். வாய் பேசாத பிள்ளைக்குப் பேச்சு வந்தால் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பம்பை மேளம் அடிப்பவர் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவது இங்கே வழக்கம். அந்த வருஷம் ஓர் ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி பம்பைச் சத்தத்துக்குச் சரியாகக் கால் மாற்றி ஆடியிருக்கிறாள். ஆத்தா காதைத் திறந்துவிட்டாள் என்று ஊரே கும்பிட்டது. சேதி பக்கத்து ஊர்களுக்கு ஓடியது. எல்லாரும் தங்கள் பிள்ளையைப் பம்பை முன்னால் நிறுத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஆடின. காது திறந்த பிள்ளையை எவன் ஊமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவான்?

லீவு முடிந்த அன்று கொட்டகையில் என் மகன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான்.

"இன்ஸ்பெக்டர் வந்தால் யாரைக் காட்டுவது? இருக்கிறதும் உங்கள் பிள்ளை," என்றார் வாத்தியார். "நான் பெட்டியைக் கட்டட்டுமா?"

"பெட்டியில கை வெச்சீங்கன்னா பூட்டிச் சாவியைக் கெணத்துல போட்டுருவேன். சும்மா உக்காருங்க," என்றேன்.

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் மகன் வண்டிப் பலகையில் கை வைத்தபடியே, பின்னால் மோட்டார் வருவதை எனக்கு முன்னால் சொல்லிவிடுவான். காதால் அல்ல, கையால். முதலில் ஆடிய பெண்ணின் ஊருக்குப் போய், அவள் ஆடிய கோயிலின் பம்பைக்காரரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கடலைக் காட்டுக்குப் போனேன். கடலைக்காய் பிடுங்கும் நேரம். காட்டில் தகப்பன், தாய், அந்தப் பெண், மூவரும் இருந்தார்கள்.

"ஏனுங்க, எதுக்கு இந்தத் தூரம்?" என்றார் தகப்பன். "எம் புள்ளைக்குத்தான் காது தொறந்துருச்சே. உங்க பள்ளிக்கூடத்துக்கு வேற புள்ளையப் பாருங்க."

"தொறந்தா எனக்கும் சந்தோசந்தானுங்க. பின்னால நின்னு ஒருக்காக் கூப்புடுங்க, பாக்கலாம்."

"ஆத்தாளையே சோதிக்க வந்துட்டீங்களா?"

"ஆத்தாளை நான் ஏனுங்க சோதிக்கறேன்? பம்பையத்தானுங்க."

கிணற்று மேட்டில் போய் நின்று அடிக்கச் சொன்னேன். "சாமியில்லாத காட்டுல நின்னு அடிச்சா என்னையப் பைத்தியம்னுதான் சொல்லுவாங்க," என்று பம்பைக்காரர் முனகினார். "கூட்டியாந்த என்னையத்தான் சொல்லுவாங்க, நீ அடி," என்றேன். அடித்தார். நாய் குரைத்தது. அடுத்த காட்டில் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்த பெண் திரும்பவே இல்லை.

தாயின் முகம் சுண்டிப்போயிற்று. "அன்னிக்கு ஆடுனாளேண்ணா. நான் கண்ணுல பாத்தனே. அது பொய்யா?"

"பொய்யில்லை அம்மிணி. செத்த இங்க வா."

காட்டோரத்து வீட்டிலிருந்து பஞ்சு எடுத்து வரச் சொல்லி, அந்தம்மாவின் காதுகளை நன்றாக அடைத்துக்கொண்டு மேலே கையால் பொத்திக்கொள்ளச் சொன்னேன். பம்பைக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி அடிக்கச் சொன்னேன். அந்தம்மா கண்ணை மூடி நின்றார். பிறகு ஒரு கையை எடுத்து வயிற்றில் வைத்தார், அப்புறம் நெஞ்சில்.

"இங்க அடிக்குதுங்க," என்றார்.

தாய் நெஞ்சில் கை வைத்திருப்பதைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து ஓடி வந்தாள். தன் நெஞ்சில் கை வைத்துக்காட்டிச் சிரித்தாள். நெடுநாளாகச் சொல்ல முடியாத ஒன்றை அம்மா ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்பது போல அந்தச் சிரிப்பு இருந்தது. தாய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துப் புருஷனிடம் சொன்னார்:

"ஆத்தா காதைத் தொறக்கலீங்க. நெஞ்சைத் தொறந்துருக்கறா. அண்ணன் வண்டியிலயே ஏத்தி உட்டுருங்க."

"அப்ப மணி வாங்கிக் கட்டறேன்னு வேண்டுனது?"

"அதுவும் கட்டலாம்."

"ஆத்தாளுக்கு மணி, இவருக்குப் புள்ளை. எனக்கு என்ன?"

"உங்களுக்குக் கடலைக்காய்தான். போய்ப் புடுங்குங்க."

அடுத்த ஊர்களில் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தம்மாவே பஞ்சை மடியில் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். போன இடமெல்லாம் தாய்மார் காதை அடைத்துப் பம்பை முன்னால் நிறுத்தினார். சிலர் வாயைத் திறந்து திட்டினார்கள். ஒருத்தி நேர்ந்துகொண்டது பலிக்காமல் போகும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளை கடைசிவரை வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கொட்டகை நிறைந்திருந்தது. வாத்தியார் பிள்ளைகளின் கையைத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டி, 'ஆ' என்றும் 'ஈ' என்றும் அவர்களைச் சொல்ல வைத்தார். நன்றாகத்தான் செய்தார், குறை சொல்ல மாட்டேன். "பள்ளிக்கூடம் நடக்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர். பின்னால் நின்றிருந்த நான் அங்கிருந்த நூல் மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அப்படி ஒரு மூச்சு அதற்கு முன்னும் விட்டதில்லை, பின்னும் விட்டதில்லை. சாவியைக் கொடுத்த அன்று விட்டதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

போன வாரம் என் வழியனுப்புக் கூட்டத்தில் வாத்தியாரின் சென்னைப் படிப்பைப் பேசினார்கள். இன்ஸ்பெக்டரின் பெரிய மனதைப் பேசினார்கள். என்னைப் பற்றி, "பெரியவரும் ஒத்தாசையாக இருந்தார்," என்றார்கள். ஒத்தாசையாம். கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். கையில் காசும் பிடிவாதமும் இருந்தால் போதும். பிள்ளைகள் இல்லாமல் போன பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தது யார்? வாசலில் கல் நடப் போகிறார்களாம். நடட்டும். அந்த ஆடியில் வண்டி கட்டிப் போய்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியவன் நான் என்று அதில் ஒரு வரி வெட்ட வேண்டும், என் பெயரோடு. அந்தம்மாவையும் எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் வரிக்குக் கீழே எழுதட்டும்.