இடது பக்கத்துக் கதவு

எங்கள் லாரியின் இடது பக்கத்துக் கதவைக் கதவு என்று யாரும் மதித்ததில்லை. அப்பா அதை ஒரு கயிற்றால் சீட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். யாரானாலும் டிரைவர் பக்கமாக ஏறி, நகர்ந்து நகர்ந்துதான் போய் உட்கார வேண்டும். கயிற்றை அவிழ்த்தால் கதவு நாலு விரல் கீழே தொங்கும். அதைச் சாத்த ஒருவர் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும், இன்னொருவர் காலால் உதைக்க வேண்டும்.

அந்த லாரியில் அப்பா வாரம் ஒரு முறை கல்வராயன் மலைக்குப் போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருவார். மலைமேல்தான் சித்தி இருந்தாள். சித்தப்பாவுக்கு அங்கே வாத்தியார் வேலை. சித்திக்குப் பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, பல்லும் முளைத்துவிட்டதாகக் கடிதம் வந்துவிட்டது. கூடப்பிறந்த அக்காவான அம்மா இன்னும் போய்ப் பார்த்தபாடில்லை. அந்த ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான்.

“அந்தக் கதவ வச்சிக்கினு உங்கள எப்பிடி இட்டுக்கினு போறது? வளைவுல தொறந்துக்குச்சின்னா இன்னா பண்ணுவ?”

நியாயமான பேச்சு. அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

பட்டறையில் காட்டாமலும் இல்லை. ஒவ்வொரு பட்டறைக்காரரும் கதவு எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவுக்கு, லாக் மாட்டுகிற கொக்கியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ‘சரியாப் போச்சு’ என்பார். ஒரு மாதம் சாத்தும். பிறகு கதவு இன்னும் கொஞ்சம் இறங்கும். கதவைத் தாங்கி நிற்கும் கீலை யாரும் கவனித்ததே இல்லை. அப்படிச் சொன்னால் பாவம், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தவறாமல் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஒரு சொட்டு எண்ணெய்தான் விட்டதில்லை.

அந்த வருஷம் தை ஐந்தாம் நாள் ஊரே தென்பெண்ணைக்கு ஆற்றுத் திருவிழாவுக்குக் கிளம்பியது. அம்மா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணான என்னை அவளுக்குத் துணையாக விட்டுவிட்டு, அப்பா கூட்டாளிகளோடு போய்விட்டார். ராட்டினம் போச்சு, சுருளிக்கிழங்கு போச்சு என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அப்பா தெருமுனை திரும்பியதும் அம்மா எழுந்தாள். தலைவலி போன இடம் தெரியவில்லை.

“அழுதது போதும். அந்த ஸ்பானர் பையத் தூக்கிக்கினு வா.”

கதவுக் கயிற்றை அவிழ்த்தாள். உரலை உருட்டி வந்து கதவுக்கு அடியில் வைத்து, மேலே மணைப்பலகையைப் போட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டுக் கீலில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். கதவை ஏற்றி இறக்கிக் காட்டினாள். கீல் விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பானர்மேல் ஏறி நின்றாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். எட்டு போல்ட்டும் கழன்றன. கீல்கள் இரண்டையும் ஒயர் கூடையில் போட்டு, யார் கண்ணிலும் படாமல் மேலே முருங்கைக்கீரையை வைத்து, கடைத்தெரு லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனோம்.

பட்டறைக்கார பாய் கீலை வாங்கி, ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். “ஓட்டை நீட்டமா தேஞ்சி கெடக்குது. உள்ள இருக்குற பின்னும் தேஞ்சி பாதிகூட இல்ல. இத வுட்டுட்டு இத்தினி நாளும் லாக்க இறக்கிக்கினு இருந்தாங்களா?”

“ஆமாங்க பாய்” என்றாள் அம்மா, ஏதோ தானே இறக்கியதுபோல.

பாய் ஓட்டையை வட்டமாகக் கடைந்து, உள்ளே புஷ் என்கிற பித்தளை வளையத்தை இறக்கி, புதுப் பின் அடித்துக் கொடுத்தார். மடக்கி விரித்துப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை.

திரும்ப மாட்டியதும் கதவு நாலு விரல் மேலேறி நிமிர்ந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சாத்தினாள். சாத்திக்கொள்ளவில்லை. லாக் ஓர் இடத்தில் இருந்தது, இறக்கி இறக்கி வைத்த கொக்கி அதற்கு நாலு விரல் கீழே இருந்தது. கதவு சரியானதே இப்போது தப்பாகிவிட்டது. நான் மறுபடி அழ ஆயத்தமானேன். அம்மா கொக்கியைக் கழற்றினாள். தாலியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து மேலேயிருந்த பெயிண்டைக் குத்திச் சுரண்டினாள். அடியிலிருந்து இரண்டு ஓட்டைகள் எட்டிப் பார்த்தன. லாரியைச் செய்தவன் முதன்முதலில் போட்ட ஓட்டைகள். கொக்கியை அங்கே ஏற்றி முடுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா தோளில் கரும்போடு வந்து நின்றார். அம்மா கதவை அகலத் திறந்து, ஒற்றை விரலால் தள்ளினாள். டப். அவ்வளவுதான் சத்தம். அப்பா பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கதவு எழும்பவில்லை, அவர்தான் நுனிக்காலில் எழும்பினார். கூடத் திரும்பி வந்த எதிர்வீட்டுக்காரர் சிரித்தேவிட்டார்.

“யாரு பண்ணது?”

“நானும் பாப்பாவும்தான். எப்ப கெளம்பலாம், சொல்லுங்க.”

அப்பா கதவைப் பார்த்தார், கீலைப் பார்த்தார். கடைசியில், “திங்கக்கெழம” என்றார்.

திங்கட்கிழமை காலை இடது பக்கமாக, ராணிகளைப்போல ஏறினோம். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று நான் மூன்று முறை திறந்து திறந்து சாத்தினேன். உலகத்தையே ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. கச்சிராயபாளையத்தையும் அணையையும் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அப்பாவின் பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் உதடு எதையோ முணுமுணுத்தது. தை மாதக் குளிரில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கியர் போடும் கை நடுங்கியது. பழைய லாரி, அதுதான் உதறுகிறது என்று நினைத்தேன்.

“அப்பாவுக்கு வேர்க்குதும்மா” என்றேன்.

அம்மா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பினாள். “இந்தாண்ட பாரு. எவ்ளோ பச்சையா இருக்குது, பாரு.”

சித்தி வீட்டில் அம்மா தூக்கிய குழந்தையைப் பொழுது சாயும்வரை கீழே விடவே இல்லை.

இன்ஜினையே பிரித்துப் பூட்டுகிற அப்பாவுக்கு இரண்டு கீலைக் கழற்ற ஏன் கை வரவில்லை என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை. போகும்போதும் வரும்போதும் அத்தனை வளைவிலும் அம்மா ஒரு தடவைகூட அப்பா பக்கம் திரும்பவில்லை, என்னையும் திரும்ப விடவில்லை. மலையின் அழகில் மயங்கிவிட்டாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.