வலது பக்கத்து இருக்கை

இது நடந்தது. பேயை நம்பச் சொல்லவில்லை. அன்றுவரை நானே நம்பியவன் இல்லை. 1999, ஆகஸ்ட் 15, தூரின் நகரம். விடுமுறை நாள், ஊரே கடலுக்குப் போயிருந்தது. எங்கள் டிங்கர் பட்டறையில் நானும் என் மனைவியின் தம்பி நேவியோவும் மட்டும் இருந்தோம். காரணம், கொம்மெந்தத்தோரே கல்தெரா. அரசாங்கம் எப்போதோ கொடுத்த அந்தப் பட்டத்தைச் சொல்லி அழைக்காவிட்டால் மனிதருக்குக் காது கேட்காது.

ஏரிக்கரையில் நடக்கும் கார் அழகுப் போட்டிக்கு அவர் காரைத் தயார் செய்ய வேண்டும். உலகத்திலேயே அது ஒன்றுதான். கையால் அடித்த அலுமினியம். இரண்டு ஏவுகணைகளை அருகருகே ஒட்டியது மாதிரி இருக்கும். ஓட்டுபவர் இடது கூட்டில், துணை வலது கூட்டில், நடுவே வெறும் காற்று. ஒருவரையொருவர் சகிக்காத தம்பதிக்கென்றே செய்திருக்க வேண்டும். கதவு கிடையாது, ஆளுக்கொரு கண்ணாடி மூடி.

வலது கூட்டின் தகட்டில் ஏழு புடைப்புகள்.

“கல் பட்டிருக்கும்,” என்றார் கல்தெரா.

“உள்ளேயிருந்தா, கொம்மெந்தத்தோரே?”

அவருக்குக் காது கேட்கவில்லை.

புடைப்பை அடக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஒருவன் இரும்புக் கட்டையை அண்டக் கொடுப்பான், வெளியே ஒருவன் சுத்தியலால் அடிப்பான். முகம் தெரியாது, தட்டல்தான் பேச்சு. உள்ளிருப்பவன் ஒன்று தட்டினால் அடி. இரண்டு, நகர். மூன்று, நிறுத்து. மூடி திறந்திருந்தால் தகடு அதிரும் என்று அதை மூடினோம்.

12.40. நேவியோ உள்ளே சரிந்து படுத்தான். மூன்று புடைப்புகள் அடங்கின. நாலாவது, காரின் மூக்குப் பக்கம். டக். அடித்தேன். டக் டக். நகர்ந்தேன். டக் டக் டக். நிறுத்தினேன். மறுபடியும்... டக் டக் டக்.

“நிறுத்திட்டேன்டா. என்ன?”

“மச்சான்... நான் தட்டல. இரும்பு என் மடியில இருக்கு.”

“விளையாடாதே. உங்க அக்கா என்னத்தான் திட்டுவா.”

“காலப் பிடிக்குது மச்சான். மூடியத் திற.”

கொக்கியை இழுத்தேன். அசையவில்லை.

12.58. கல்தெராவுக்குப் போன் செய்தேன்.

“உள்ள ஆள் மாட்டிக்கிட்டான். மூடி வரல.”

“அவசரப்படாதே. கண்ணாடியில மட்டும் கை வெச்சுடாதே. அது மாதிரி இன்னொண்ணு செய்ய இப்ப ஆள் இல்ல.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வெளியே முப்பத்தைந்து டிகிரி. அந்த வெயிலில் கண்ணாடியில் மூச்சு படியாது. படிந்திருந்தது. நேவியோவின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி... சிறிய வட்டம். மறைந்தது. மறுபடி வந்தது.

டக் டக் டக்.

நேவியோவின் இரண்டு கைகளும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தன.

டக் டக் டக்.

அடக்கிய புடைப்பு, என் கண்ணெதிரே எழுந்தது.

1.07. சுத்தியலை ஓங்கினேன்.

உடைந்தது.

தட்டலும் நின்றது.

நேவியோ பிழைத்தான். ஒரு காலில் ஷூ இல்லை. கூட்டுக்குள்ளும் இல்லை.

கல்தெரா வழக்குப் போடுவதாக மிரட்டினார். மறுவாரம் காபிக்கடையில் செவெரினோவைப் பார்த்தேன். அந்தக் காருக்கு மூடியும் கொக்கியும் செய்தவர், தொழிலை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அறுபத்தேழுல, இதே விடுமுறை நாள். கல்தெராவுக்குக் கல்யாணமாகி ஒரு மாசம். பொண்டாட்டி வலது பக்கம். மூடி சிக்கிக்கிச்சுன்னு எனக்குப் போன் பண்ணாரு. நான் வந்து சேர ஒரு மணி நேரம் ஆச்சு. பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரு.”

“உடைக்க ஒண்ணுமே கிடைக்கலையா?”

“கார் போட்டிக்கு மூணு நாள்தாம்பா இருந்துச்சு.”

“போட்டி என்ன ஆச்சு?”

செவெரினோ காபியைக் கலக்கினார்.

“முதல் பரிசு. துக்கத்துக்குக் கறுப்பு உடை போட்டுக்கிட்டு அவரே போய் வாங்கிக்கிட்டாரு.”