அண்ணி கேட்ட பூனைப் பாட்டு

என் அண்ணிக்கு ஜெர்மன் ராக் இசை என்றால் உயிர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. அந்த மெஷின் இரைச்சலில் மெல்லிசையெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மெஷினையே அடக்குகிற சத்தம் ஏதாவது உண்டா என்று தேடியபோது அகப்பட்டதுதான் ஜெர்மனியின் ஒரு நால்வர் ராக் குழு. அதன் பிறகு முதலாளி கூப்பிட்டால்கூட அவர் காதில் விழாது. பாவம், அந்த மனிதர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் கூப்பிடுவார்.

முதன்முதலில் வீட்டு ஸ்பீக்கரில் அதைக் கேட்டபோது பாடகன் யாரையோ கொல்ல வருவதுபோல் இருந்தது. நாத்தனார் வாய் சும்மா இருக்குமா?

"யாரை வெட்டப் போறானாம் அண்ணி?"

"வெட்றதா? அவனே புலம்பிட்டிருக்கான். காதலி விட்டுட்டுப் போயிட்டா. அவ வளர்த்த பூனை மட்டும் இவன்கிட்ட இருக்கு. அதுவும் இவனை மதிக்கறதில்ல."

ஒரு பூனைக்கா இந்தக் கூப்பாடு? சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சொன்னாரா என்றால், அதுதான் கிடையாது. தெரியாத சொல்லுக்கு மட்டும் அகராதி. ஒரு லென்ஸ் முடியும்வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். அடுத்த லென்ஸுக்கு அடுத்த வரி. வருஷக்கணக்காக இப்படித்தான் ஜெர்மன் கற்றுக்கொண்டார். அண்ணன் மட்டும் நம்பவே இல்லை. "நூறு தடவை கேட்டா எனக்கும்தான் ஏதோ புரியும். பாதி உன் கற்பனை" என்றான்.

அது அண்ணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "யாருமே கேக்காத பாட்டு ஒண்ணு ஒரே தடவைல எனக்குப் புரியணும். புரியலன்னா இத்தனை நாளா என்னை நானே ஏமாத்திட்டிருந்தேன்னு அர்த்தம்" என்றார்.

அதற்கும் வேளை வந்தது. அந்தக் குழு எங்கள் ஊருக்கே வந்தது. புத்தம்புதுப் பாட்டு ஒன்றை இங்கேதான் முதலில் பாடுகிறார்களாம். அண்ணன் நழுவிவிட்டதால் துணைக்கு நான். அரங்கில் எங்களுக்கு முன்னால் ஜெர்மன்காரர்கள் ஒரு கும்பலாக நின்றார்கள்.

புதுப் பாட்டு ஆரம்பித்தது. எனக்குக் கேட்டதெல்லாம் இடியும் முழக்கமும்தான். அண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நடுவில் முன்னாலிருந்த கும்பல் கொல்லென்று சிரித்தது. அதே நொடியில், மூச்சுவிடும் நேரம்கூடப் பிந்தாமல், என் பக்கத்திலும் ஒரு சிரிப்பு. அவர்களைப் பார்த்துச் சிரித்தார் என்று சொல்ல முடியாது. கண் இன்னும் மூடித்தான் இருந்தது. அண்ணன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன அண்ணி, என்ன சொன்னான்?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் என் காதில் கத்தினார். "அவ திரும்பி வந்துட்டாடி. இவன் ஆசையா கதவைத் திறந்துட்டு நிக்கறான். ஆனா அவ வந்தது பூனையைத் தூக்கிட்டுப் போக. இரு, பேசாதே, இன்னும் முடியல."

டிரம்ஸ் நின்றது. கிடார் ஒன்று மட்டும் மெல்ல ஒலித்தது. பாடகன் ஒரே ஒரு வரியைப் பேசுவதுபோல் பாடினான். முன்னாலிருந்தவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள். அண்ணி கண்ணைத் திறந்தார். பொலபொலவென்று கொட்டியதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"பூனை போகலடி" என்றார்.