நனையாமல் வந்த மோட்டார் சைக்கிள்

கயிற்றில் மூன்று முடிச்சுகள். முதல் முடிச்சு வரை கைப்பிடியின் அகலம், இரண்டாவது வரை உயரம், மூன்றாவது வரை முழு நீளம். அந்தத் தேங்காய் நார்க் கயிற்றைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு கடலூர் முழுக்க அலைந்தேன். அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. தலைக்கு மேல் ஓயாத மழை. மச்சானின் மோட்டார் சைக்கிள் முதுநகரில் ஒரு முந்திரிக் கிடங்கின் தாழ்வாரத்தில் நின்றது. மச்சான் இல்லை.

மச்சான் என் அக்காவின் கணவர். பண்ருட்டியில் முந்திரி வாங்கிக் கடலூரில் விற்பவர். ஒரு காலையில் சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டார். பண்ருட்டி போய், அங்கிருந்து கடலூர் வந்து, கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் உடலை, எங்கள் பேச்சில் மையத்தை, காரில் கொண்டுவந்து மறுநாள் சிதம்பரத்தில் அடக்கினோம். வண்டியை யாரும் நினைக்கவில்லை. அக்கா மட்டும் நினைத்தாள்.

அவள் இத்தாவில் உட்கார்ந்திருந்தாள். கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வெளிவாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மூன்றாவது வாரம் என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"வண்டிய கொண்டாந்துடு தம்பி. யாரும் ஓட்டிக்கிட்டு வர வேணாம். தொடைக்க வேணாம். நனைய விடாத. அவுங்க கடைசியா போன ரோட்டு மண்ணு அதுல இருக்கும். அது அப்படியே வேணும்."

சரி என்றேன். எழுந்திருக்கப் போனவனை அவள் குரல் நிறுத்தியது.

"அன்னிக்கி நான் வாசலுக்கு வரல."

முந்தின நாள் ஏதோ வாய்த்தகராறு. என்னவென்று அவளுக்கே நினைவில்லை. அடுப்படியில் நின்றபடியே எஞ்சின் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். சத்தம் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றதாம். பிறகு போய்விட்டதாம்.

வண்டியைப் பார்த்தபோதுதான் அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. சக்கரம், மட்கார்டு, எஞ்சின் எல்லாம் பண்ருட்டிச் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. பெட்ரோல் டாங்கியிலும் அதே மண். ஆனால் டாங்கியின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. மச்சானின் முழங்கால்கள் அழுத்தியிருந்த இடம். ஆள் போன பிறகும் இரண்டு முழங்கால்கள் அந்த வண்டியைக் கவ்விக்கொண்டிருந்தன. நான் தொடவில்லை. ஒரு விரல்கடை தள்ளியே கயிற்றைப் பிடித்து அளந்தேன்.

திறந்த லாரி ஆகாது. தார்பாய் போட்டுக் கட்டினாலும் கயிறு உராயும், ஐப்பசி மழை ஓட்டை தேடி இறங்கும். ரயில் பார்சலில் போடலாம் என்று திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்ரோலை வடித்து, வைக்கோல் சுற்றி, சாக்கு தைத்துக் கொண்டுவரச் சொன்னார் கிளார்க். வைக்கோல் சுற்றினால் மண் என்ன ஆவது? ரொட்டிக் கடை வேனுக்குக் கதவு இரண்டு விரல் குறைந்தது. கைப்பிடியைக் கழற்றிவிடலாமே என்றார் கடைக்காரர். மச்சான் கை பிடித்த பிடி அது, எப்படிக் கழற்றுவது? துறைமுகத்தில் மீன் ஏற்றும் ஐஸ் வேனில் மூன்று முடிச்சுக்கும் இடம் இருந்தது. ஆனால் உள்ளே சுவரெல்லாம் வியர்த்து ஒழுகியது. நான் கயிற்றைச் சுருட்டுவதைப் பார்த்து அந்த டிரைவர் விடவில்லை.

"ஏன் மாப்ள, நண்டு டயர கடிச்சுடும்னு பயமா?"

சுற்றிலும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கெல்லாம் எதற்குச் சிரிக்கிறேன் என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் கிடைத்தது அந்த டிரெய்லர். பீங்கான் ஜாடி வியாபாரி ஒருவருடையது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் வண்டி. பலகைச் சட்டத்துக்கு மேல் நான்கு புறமும் கூரையும் தகரம். பின்னால் இரட்டைக் கதவு, கதவு விளிம்பில் பழைய டயர் ரப்பர். கயிற்றை நீட்டிப் பார்த்தேன். மூன்று முடிச்சும் உள்ளே அடங்கின. ஜீப் ஓட்டுபவர் தாடி நரைத்த ஒரு பாய். எத்தனையோ வருஷமாக ஜாடி ஏற்றியும் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்ததும் என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். குடம் குடமாகக் கூரையில் தண்ணீர் கொட்டினார். இருட்டில் தகரம் இரைந்தது. என் மேல் ஒரு துளி இல்லை. வெளியிலிருந்து குரல் வந்தது.

"சொட்டுச்சா தம்பி?"

"இல்ல பாய்."

அந்த இருட்டுக்குள் எனக்கு அழுகை வந்தது. கதவு திறப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

மௌத்தான மச்சானின் வண்டி, நனையக் கூடாது, கீறல் படக் கூடாது, அக்காவிடம் பத்திரமாகச் சேர வேண்டும். பாயிடம் இவ்வளவுதான் சொன்னேன். மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், வாசலுக்கு வராததைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் அடுப்படியை அந்நியர் முன்னால் எப்படித் திறந்து வைப்பது? ஒரே ஒரு வாக்கியம். அதை விழுங்கினேன்.

புறப்படும் நாளில் காலை ஒன்பது மணிக்கு வருகிறேன், என் கண் முன்னால்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மழையில் சிதம்பரத்து ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். ஜாடிக் கிடங்குக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது ஜீப் தயாராக நின்றது, டிரெய்லர் கதவு பூட்டியிருந்தது. மழை விட்ட நேரம் பார்த்து முந்திரிக் கிடங்கிலிருந்து வண்டியைத் தள்ளிவந்து ஏற்றியாகிவிட்டது என்றார் பாய். ஒரு தரம் திறந்து பார்க்க ஆசை. திறந்தால் சாரல் அடிக்கும். அதனால் திறக்கவில்லை.

வழி நெடுக மழை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், புவனகிரிப் பாலத்தின் கீழே நுரைத்து ஓடிய வெள்ளாறு. நான் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தேன். உலகம் முழுக்க நனைகிறது, என் பொறுப்பில் இருக்கும் ஒன்று மட்டும் நனையவில்லை. வாழ்க்கையில் அத்தனை கர்வமாக நான் எங்கும் போனதில்லை.

எங்கள் சந்தில் ஜீப் நின்றபோது மழை விட்டிருந்தது. உள்கதவுத் திரைக்குப் பின்னால் அக்கா வந்து நின்றாள். திரைக்குக் கீழே அவள் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. பாய் டிரெய்லர் கதவைத் திறந்தார்.

வண்டி பளபளத்தது. கறுப்பு டாங்கியில் என் முகம் தெரிந்தது. செம்மண் இல்லை. முழங்கால்கள் இல்லை. ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றிலும் எண்ணெய் மினுங்கியது.

நான் டாங்கியையே பார்த்து நிற்பதைக் கண்டு, நன்றி சொல்லத் தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பாய் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மௌத்தானவுங்க சாமான அழுக்கோட எப்படி தம்பி வீட்டுக்கு அனுப்புறது? மூணு தரம் தண்ணி ஊத்தி, குளிப்பாட்டித்தான் ஏத்துனேன்."

மையத்தைக் குளிப்பாட்டுகிற கணக்கு அது. திரைக்குக் கீழே விரல்கள் அசையவில்லை. தேரோடும் வீதிப் பக்கம் எங்கோ ஒரு மணி அடித்து நின்றது. அக்காவின் குரல் வந்தது, என்னிடம் பேசுவதுபோல.

"பாய்க்கு டீ குடு தம்பி. ரொம்ப நல்ல காரியம் பண்ணுனாங்கன்னு சொல்லு."

அவர் போன பிறகு, வண்டியை இறக்கி நிறுத்தியிருந்த நடைக்கு வந்தாள். டாங்கியின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். தொடவில்லை.

"தண்ணிய எங்க ஊத்துனாராம்?"

எனக்குத் தெரியவில்லை.  அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். இப்போது எனக்கு மச்சானைவிட வயது கூடிவிட்டது. இன்னும் காத்திருக்கிறேன்.

மாசி வெயிலில் இத்தா முடிந்தது. சொந்தக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். அவள் யார் வீட்டுக்கும் போகவில்லை. மச்சானை அடக்கிய மையவாடிக்குள் எங்கள் பெண்கள் போவதில்லை, அங்கே கூட்டிப்போகச் சொல்லியும் கேட்கவில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கடலூர் பஸ்ஸுக்கு வா என்றாள்.

ஜாடிக் கிடங்கின் பின்முற்றத்தில் ஒரு கிணறு, பக்கத்தில் துவைகல். எங்கே நிறுத்திக் கழுவினார் என்று பாயிடம் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று விளங்காமலே, தூரத்தில் நின்று துவைகல்லுக்கு முன்னால் கையைக் காட்டினார். அந்தச் செம்மண்ணோடு தண்ணீர் ஓடியிருக்கக்கூடிய சரிவில் மூன்று மாத வெயிலும் மழையும் பார்த்த வெறும் தரை. மற்ற தரைக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அந்தத் தரையில் போய் நின்றாள்.

பாய் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"என்ன தம்பி, வண்டியில எதாச்சும் காணாம போச்சா?"

"இல்ல பாய்" என்றேன்.