வழிமொழிய ஆளில்லை

எங்கள் ஊர்க் கலாமன்றத்தில் கூட்ட அறிக்கைப் புத்தகங்கள் ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் என் கையெழுத்துத்தான். பதினான்கு வருடமாக நான் செயலாளர். பெரிய பதவி என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். மன்றத்தைப் பதிவு செய்த நேரம், நிருவாக சபையில் ஒரு பெண்ணும் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தங்கச்சிர எழுத்து முத்து முத்தா இரிக்கி. அவவப் போடுவம்" என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எழுதுவதும் நான், தேத்தண்ணி ஊற்றுவதும் நான்.

தலைவர் ஒரு கூட்டுறவுக் கடையில் முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். என் கணவருக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறை. எதுவும் சட்டப்படி நடக்க வேண்டும் அவருக்கு. ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாமல் எங்கள் மன்றத்தில் ஒரு விளக்குமாறுகூட வாங்க முடியாது. ஒரு மாரியில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கூரைத் தகரம் ஒன்று கிளம்பி, மழை நேரே எங்கள் தலையில் கொட்டியது. "கதிரையள அங்கால இழுப்பம்" என்றார் ஒருவர். தலைவர் நனைந்துகொண்டே, "முன்மொழிஞ்சாச்சு. வழிமொழியிறது ஆரு?" என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டார். இன்னொருவர் கை உயர்த்திய பிறகுதான் கதிரைகள் நகர்ந்தன. அதையும் நான் நனைந்த புத்தகத்தில் எழுதினேன். மை கலங்கிய அந்தப் பக்கம் இன்னமும் இருக்கிறது.

கேட்டால் சிரிப்புத்தான் வரும். நானும் பல வருடம் சிரித்தவள்தான்.

மன்றத்தின் முக்கிய வேலை வருடத்துக்கு ஒரு வடமோடிக் கூத்து. முந்தி விடிய விடிய ஆடிய கூத்தை இப்போது சுருக்கி, பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுகிறோம். பழகத் தொடங்குவதற்கு முன் 'சட்டம் கொடுத்தல்' என்று ஒரு சடங்கு உண்டு. நல்ல நாள் பார்த்து, அவரவர் வேடத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய கொப்பியை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வெற்றிலை பாக்கோடு கையில் கொடுப்பார். அந்தக் கொப்பிக்குத்தான் சட்டம் என்று பெயர். முழுக் கூத்தையும் பார்த்து அந்தக் கொப்பிகளைப் பிரித்து எழுதுகிறவள் யார்? முத்து முத்தான எழுத்துக்காரி. அரசனுக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று, அரசிக்கு ஒன்று, கட்டியகாரனுக்கு ஒன்று. வருடா வருடம் எழுதினால் கல்லுக்கும் பாடமாகும். எனக்கு எல்லா வேடமும் பாடம். அரசியின் வேடத்தை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பாட்டு மட்டுமா, ஆட்டமும் வரும். வயல் வட்டைக்குள் எங்கள் நெல் பால் பிடிக்கும் காலத்தில் குருவி காவலுக்குப் போகிறவள் நான். வரம்பில் நின்று அரசியின் புலம்பலை எடுத்துப் பாடுவேன். காவல் பரணுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேட்டு நிலம் கிடக்கிறது. அதில் எட்டுப் போட்டு ஆடுவேன். பார்ப்பதற்குக் கொக்கும் குருவியும்தான். "உன்ர பாட்டுக்குக் குருவியெல்லாம் காத்தான்குடிக்குப் போயிட்டு. வெடி கொளுத்தத் தேவையில்ல" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். எங்கள் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவர் அவர்தான். சில நாள் பகிடியை விட்டுவிட்டு, வரம்பில் குந்தியிருந்து, வெறும் தகரப் பேணியில் எனக்குத் தாளம் தட்டுவார். அப்படியான நாட்களில் எனக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

போன வருடம், நெடுங்காலமாக அரசி ஆடிவந்தவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் மன்றத்தில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் ஆடுவார்கள். ஆனால் காலம் மாறாமலா கிடக்கிறது? அந்த நேரம் கம்பஸில், பல்கலைக்கழகத்தில், பெண் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கூத்து ஆடியபோது எங்கள் மன்றமே வான் பிடித்துப் போய்ப் பார்த்தது. முடிவில் தலைவர் மேடையேறி, பெண்கள் முன்வர வேண்டும், கலைக்கு ஆணென்ன பெண்ணென்ன என்று பேசினார். என் கணவர் உள்ளங்கை சிவக்கக் கை தட்டினார். அதையெல்லாம் அறிக்கையில் எழுதியவள் நான். மடச்சி, எழுதியதை நம்பியும்விட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் குசினிக்குப் பின்னால் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் கிணற்றடியில் முகம் கழுவினார்.

"இஞ்சேருங்க, அரசி வேசத்த நான் கேக்கப்போறன்."

அவர் இன்னொரு தரம் தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்தார். பிறகு, "கேளன். உன்ன விட ஆருக்கு அது பாடம்?" என்றார்.

"நான் முன்மொழிஞ்சா ஆரு வழிமொழியிற?"

"ஏன், நான் செத்தா போயிட்டன்? நான் வழிமொழியிறன்."

செதில் கையோடு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் இது என்ன கூத்தடி என்று எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணாவியாரிடமும் போய்ச் சொன்னேன். பாடச் சொன்னார், பாடினேன். ஆடச் சொன்னார், ஆடினேன். "குரல் இரிக்கி, தாளம் இரிக்கி. எனக்கு ஆரெண்டாலும் ஒண்டுதான் புள்ள. மன்றம் முடிவெடுக்கட்டும்" என்றார். அவர் வேற்றூர்க்காரர். எங்கள் மன்றத்தில் அங்கத்தவர் இல்லை, கை உயர்த்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக வேடம் பிரித்தல். அதுவரை எழுதிக்கொண்டிருந்தவள் பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பினேன்.

"அரசி வேசத்த நான் ஆடுறதெண்டு முன்மொழியிறன்."

தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையில் ஒருவர், "அப்ப தேத்தண்ணி ஆரு ஊத்துற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "சட்டப்படி ஒரு பிரேரணை வந்திரிக்கி. சிரிக்கக்கூடா. வழிமொழியிறது ஆரு?" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். மத்தளம் மடியில் கிடந்தது. குனிந்து அதன் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வார் இறுகித்தான் இருந்தது. காலையில் ஒரு பக்கம் நான் பிடிக்க, மறுபக்கம் அவர் இழுத்து, இரண்டு பேருமாக இறுக்கியது.

"ரெண்டாந்தரமும் கேக்கன். வழிமொழியிறது ஆரு?"

அவர் வாரை இறுக்கினார். மூன்றாம் தரமும் கேட்டார் தலைவர். கல்லுப் பிள்ளையார்கூட அந்த நேரம் அசைந்திருக்கும், இவர் அசையவில்லை.

"வழிமொழிய ஆளில்ல. பிரேரணை விழுந்திட்டு. எழுதுங்க தங்கச்சி."

எழுதினேன். 'வழிமொழியப்படாமையால் கைவிடப்பட்டது.' பேனையை எடுக்கக்கூட இல்லை, அதற்குள் இன்னொருவர் எழும்பி, தலைவரின் தங்கை மகனை முன்மொழிந்தார். சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். தாளம் வரும், பாட்டு வராது. "வழிமொழியிறது ஆரு?" என்று தலைவர் கேட்டு முடிக்கவில்லை, ஒரு கை உயர்ந்தது. மத்தளக்காரரின் கை. என் புருசன் பெயரை அந்த வரியில் என் கையாலேயே எழுதினேன். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாகத்தான் இருந்தது.

வரும் வழியில் குளக்கட்டு வரைக்கும் நான் முன்னால் நடந்தேன். அங்கே நின்று கேட்டேன். "எனக்கு வழிமொழியக் கை வரல்ல. அவனுக்கு எப்பிடி வந்த?"

"இஞ்ச பாரு புள்ள. பொஞ்சாதிய ஆடவிட்டுட்டு மத்தளம் அடிக்கிறானெண்டு சந்தியில சொல்லுவானுகள். அண்ணன்ர முகத்தையும் பாக்கத்தானே வேணும்."

"கம்பஸ் புள்ளையளுக்குக் கை தட்டினீங்களே?"

"அது வேற ஆக்கள்ர புள்ளையள்தானே" என்றார்.

நம்பவைத்துக் கழுத்தறுத்த மனுசனுக்கு அன்றைக்கும் சோறு போட்டேன். கறிக்கு உப்பும் சரியாகத்தான் இருந்தது. என் மேல்தான் எனக்குக் கோபம்.

அடுத்த கூட்டத்தில், வழக்கப்படி, சென்ற கூட்ட அறிக்கையை நானே எழும்பி வாசித்தேன். முன்மொழிந்தவர் செயலாளர், வழிமொழிந்தவர் எவருமில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். "சரி சரி, அடுத்ததுக்குப் போவம்" என்றார்கள்.

சட்டக் கொப்பிகளை எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அரசியின் கொப்பியை எழுதும்போது ஒரு யோசனை வந்தது. புலம்பலில் இரண்டு வரியை விட்டுவிட்டால் என்ன? களரியில், ஆடும் மேடையில், அவன் திண்டாடட்டும். மன்றத்தில் யாருக்கும் தெரியாது, அண்ணாவியாரை விட்டால் முழுக் கூத்தும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேனை அந்த இடத்தில் நின்றது. ஆனாலும் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. என்னால் முடியவில்லை. நல்ல நாளில் வெற்றிலையோடு அண்ணாவியார் அதை அவன் கையில் கொடுத்தார். அவன் அதைச் சுருட்டிக் காற்சட்டைப் பின் பைக்குள் செருகினான்.

கூத்து அரங்கேறும் களரியேற்றத்தன்று என் இடம் மத்தளத்துக்குப் பக்கத்தில், பிற்பாட்டுக்காரர்களோடு. மறந்தவனுக்கு எடுத்துக்கொடுப்பது என் வேலை. நாட்டை இழந்த அரசி தனியே நின்று புலம்பும் இடம் வந்தது. அவன் முதல் வரியைப் பாடினான். இரண்டாவது வரி வரவில்லை. காலடியை வைத்தான், வைத்தான், வாய் திறக்கவில்லை. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் நிமிர்ந்து, மேலே தொங்கிய ஒலிவாங்கியைப் பார்த்து முறைத்தான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டேதான் மூடிக்கொண்டிருந்தேன். என் கணவர் அடியை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். எடு, எடு என்று அவர் கண் கெஞ்சியது. சபையே பார்த்துக்கொண்டிருக்கிறது, மானம் போகப்போகிறது, அவருக்கு. எனக்கு அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் போகாத மானமா?

ஆனால் பாட்டு என்ன பாவம் செய்தது? அது பாதியில் தொங்கிக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. எடுத்தேன். எடுத்துக்கொடுத்துவிட்டு நிறுத்தவில்லை, புலம்பல் முழுவதையும் நானே பாடினேன். அவன் வாயை அசைத்து ஆடினான். முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். மத்தளம் வரம்பில் தகரப் பேணி தட்டியது போலவே என்னோடு வந்தது. என்னை மறந்த அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எரிகிறது. முடிந்ததும் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "குரலெண்டா குரல்!" என்று தலைவர் ஒலிவாங்கியில் சொன்னார். அவன் மறுக்கவில்லை. அண்ணாவியார் என்னைப் பார்த்தார், பிறகு தன் சால்வையை மடிக்கத் தொடங்கினார்.

மதிப்பீட்டுக் கூட்டத்தில் தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அரசி வேடம் மிகச் சிறப்பு. "மறுகா, செயலாளருக்கும் ஒரு நன்றி போடுவம். எடுத்துக்குடுத்ததுக்கும் தேத்தண்ணிக்கும்" என்று முன்மொழிந்தார். வழிமொழிய என் கணவரின் கை முதலாவதாக எழும்பியது. நேரே, உயரமாக, கூச்சமே இல்லாமல். பேனையை மூடிவிட்டு எழும்பினேன்.

"செயலாளர் பதவியில இருந்து நான் விலகிறதெண்டு முன்மொழியிறன்."

பகிடி பண்ண ஒருவரும் இல்லை. "அப்ப ஆரு எழுதுற?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி கேக்கத்தானே வேணும். வழிமொழியிறது ஆரு?"

நான் மறுபடியும் என் கணவரைத்தான் பார்த்தேன். என்னை விட்டுவிடச் சொல்லியாவது அந்தக் கை ஒரு தரம் எழும்பட்டும் என்று பார்த்தேன். அன்று மத்தளம் வீட்டில். இறுக்க வார் இல்லாததால், குனிந்து சாரத்தின் கரையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று தரம் கேட்டார் தலைவர். "வழிமொழிய ஆளில்ல. பிரேரணை விழுந்திட்டு. எழுதுங்க தங்கச்சி."

எழுதினேன். இப்போதும் நான்தான் செயலாளர். சட்டமாவது மண்ணாவது, போகாமல் விட்டால் யார் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆனால் போகாமல் விட்டால் சட்டக் கொப்பிகளை வேறு யாராவது எழுதுவார்கள். இந்த மாதம் புதுக் கொப்பிகள் வந்திருக்கின்றன. அரசியின் கொப்பியை நேற்றுத் தொடங்கினேன். இன்னும் இரண்டு நாளில் முடிந்துவிடும், அதுவரை அரசி என்னுடையவள், அதற்குப் பிறகு இந்த முறையும் அதைப் போன் கடைக்காரனிடம் கொடுத்துவிட வேண்டும்.